பனி உறையாத ஊரில் ஒரு பனிப்பொத்தான்

மட்டக்களப்பில் ஓடுகிற ஜப்பான் வேன் ஒன்றின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஏசி பொத்தான்களுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் படங்கள் தெரியும். ஒன்றில் விசிறி மாதிரி விரிந்த கண்ணாடி, அதில் நெளிந்து நெளிந்து மேலே போகிற மூன்று அம்புகள். மற்றதில் நீள்சதுரக் கண்ணாடி, அதே மூன்று அம்புகள். முதலாவது முன்கண்ணாடிக்கு, இரண்டாவது பின்கண்ணாடிக்கு. சில வேன்களில் இதோட நிற்காது. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் படுத்துக் கிடக்கிற இடத்தில், மெல்லிய கம்பிகளும் ஓடும். வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு உறைந்து ஒட்டிப்போனால் இளக்கி எடுக்கிறதுக்காம். மார்கழி விடியப்புறத்தில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊரில், எது உறையப் போகுது?

அந்த வேன் எங்களுக்காகச் செய்தது இல்லை. ஹொக்கைடோ மாதிரியான பனிப் பகுதிகளுக்காக ஜப்பானில் ‘கன்ரெய்ச்சி ஷியோ’ எண்டு ஒரு வகை தயாரிப்பு உண்டு. குளிர்ப்பிரதேச வகை எண்டு சொல்லலாம். வலுவான பற்றரி, பின்னிருக்கைக்காரருக்கும் சூடு, சூடாகிற பக்கக் கண்ணாடி எண்டு கூடுதலாகச் சில சாமான்கள் அதில் இருக்கும். அங்கே சில வருடம் ஓடி, ஏலத்துக்குப் போய், கப்பலேறி வந்து, கடைசியில் வாவிக்கரையில் ஏதோ ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும். அங்கேயும் இங்கேயும் வீதியின் இடப்பக்கம்தான் ஓட்டுவது, ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். வானிலை ஒன்றுதான் பொருந்தவில்லை.

ஆனால் கண்ணாடி மங்குவது இஞ்சயும் நடக்குது. மாரி தொடங்கினால் அது தினசரித் தொல்லை. வாகனக் கண்ணாடியில் படிகிற ஈரத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட கதை எல்லாம் குளிர்நாட்டுக் கதை. அதை எழுவான்கரையில் நிண்டு ஒருதரம் வாசித்துப் பார்த்தால் என்ன எண்டுதான் இதை எழுதுறம்.

முதலில் ஒரு வேடிக்கை. ஆரம்பகால மோட்டார் காருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஏனெண்டால் அதுக்குப் பக்கச் சுவர் இல்லை, யன்னல் இல்லை. குளிர்ந்தால் கம்பளியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். மழையும் பனியும் வெளியில் இருந்து அடித்தால்தான் தொல்லை. 1900களின் தொடக்கத்தில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயோர்க்குக்குப் போயிருந்த நேரம், பனிமழைக்குள் ட்ராம் ஓட்டுகிறவர் முன்கண்ணாடியைத் திறந்து வைத்து, முகத்தில் பனி அடிக்க அடிக்க ஓட்டுவதைப் பார்த்தார். உள்ளே இருந்து கைப்பிடியால் இயக்கக்கூடிய துடைப்பான் ஒன்றை யோசித்து, 1903 நவம்பரில் அதுக்குக் காப்புரிமையும் வாங்கினார். அதை விற்க முயன்றபோது வாங்க ஆள் இல்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகுதான் வைப்பர் இல்லாத கார் இல்லை எண்ட நிலை வந்தது. அந்த அம்மாவுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

உள்பக்க ஈரம் பிறந்தது அதுக்குப் பிறகு. அமெரிக்காவில் 1919இல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1920களின் கடைசியில் பத்தில் எட்டுக்கு மேல். கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் வந்து ஆட்கள் வசதியாக உள்ளே இருந்து மூச்சுவிடத் தொடங்க, கண்ணாடியும் மங்கத் தொடங்கியது. மனிதன் தன்னைத்தானே அடைத்துக்கொண்டதன் விலை அது.

சும்மா இருக்கிற ஒரு ஆள் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40, 50 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். 50 பேர் நெருக்குப்பட்டு நிற்கிற பஸ்ஸில் அது மணிக்கு இரண்டு லீற்றருக்கு மேல். நனைந்த குடை, தலைமுடி, பள்ளிப் பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் இதில் சேர்த்தி இல்லை. இந்த ஈரத்தைக் காற்று எவ்வளவுக்குத் தாங்கும் எண்டது வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று கிட்டத்தட்ட 30 கிராம் நீராவியைத் தாங்கும், பூச்சியத்தில் 5 கிராம்கூட இல்லை, மறை 10இல் இரண்டரைக்கும் குறைவு. ஈரக்காற்று தன் தாங்குசக்திக்குக் கீழே குளிர்ந்த ஒரு கண்ணாடியைத் தொட்டால் மிச்சத் தண்ணியை அதிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகும். எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில் ‘ஒடுங்கல்’ எண்டும் ‘பனிபடுநிலை’ எண்டும் மனப்பாடம் பண்ணினது இதைத்தான். சோதனைக்கு வந்த கேள்வி, பஸ் யன்னலில் விரலால் பேர் எழுதிக்கொண்டு போனபோது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

குளிர்நாட்டுக்காரர் கண்டுபிடித்த வழி இந்தக் கணக்கிலேயே இருக்கு. வெளியில் மறை 10 பாகைக் காற்று. அதில் தண்ணியே இல்லாத மாதிரித்தான். அதை உள்ளே இழுத்து, இயந்திரத்தின் சூட்டில் காய்ச்சி, கண்ணாடியில் அடித்தால் கண்ணாடியும் சூடாகும், ஈரத்தையும் அந்த வறண்ட காற்று குடித்துவிடும். 1930களில் கண்ணாடிக்கு முன்னால் சின்ன மின்விசிறி பூட்டிப் பார்த்தார்கள், மின்சாரத்தில் சூடாகும் கம்பிச் சட்டத்தை ஒட்டிப் பார்த்தார்கள். 1938இல் நாஷ் கம்பனி வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்கி உள்ளே அனுப்புகிற ஒழுங்கைத் தன் கார்களில் கொண்டுவந்தது. அடுத்த வருடம் சூட்டைத் தானே சரிப்படுத்துகிற கருவியும் சேர்ந்தது. இண்டைக்குப் படத்தில் இருக்கிற அந்த மூன்று நெளிந்த அம்புகள் இந்தச் சூடான காற்றுத்தான். பின்கண்ணாடியின் கோடு கோடான கம்பி 1970களில் பரவலாக வந்தது.

இதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பழைய வழியும் ஓடி வந்திருக்கு. சவர்க்கார வழி. முதலாம் உலகப் போரில் நச்சுப்புகைக்காக முகமூடி போட்ட சிப்பாய்க்கு, தன் மூச்சாலேயே கண்ணாடி மங்கிப்போகும். முன்னால் யார் நிற்கிறார் எண்டு தெரியாது. அதுக்கெண்டு கண்ணாடியின் உள்பக்கம் தடவச் சவர்க்காரம் மாதிரியான ஒரு பசை கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1966 யூனில், ஜெமினி 9 விண்கலத்துக்கு வெளியே வந்த யூஜின் செர்னனுக்கு வியர்த்துக் கொட்டி, தலைக்கவசக் கண்ணாடி முழுக்க மங்கிப்போயிற்று. கையால் துடைக்க முடியாது, கை வெளியில். மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை உண்டாக்கி அதுக்குள்ளால் பார்த்தார். அதுக்குப் பிறகு போனவர்களின் கண்ணாடிக்கு, பாத்திரம் கழுவுகிற திரவம் மாதிரியான ஒன்றைப் பூசி அனுப்பினார்கள். கல்லடிக்கு அப்பால் கடலுக்கடியில் கிடக்கிற ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க இறங்குகிற சுழியோடிகள் முகக்கண்ணாடிக்குள் துப்பித் தேய்க்கிறதும் இதே வேலைதான். ஈரம் படிகிறதை இவை நிறுத்தாது. படிகிற தண்ணி துளித்துளியாக நின்று வெளிச்சத்தைச் சிதறடிக்காமல், மெல்லிய படலமாகப் பரவிவிடும். அதுக்குள்ளால் பார்க்கலாம்.

எங்கட பழைய சாரதிமார் இதைத் தங்கட பாட்டில் தெரிந்து வைத்திருந்தார்கள். வெட்டின உருளைக்கிழங்கு, சுருட்டுக்குள் இருக்கிற புகையிலை, குளிக்கிற சவர்க்காரம். நேர்த்தி ஆளுக்காள் மாறும், யார் சொல்வது சரி எண்ட சண்டையும் தீராது. சவர்க்காரம்தான் கெட்டிக்காரன் எண்டது எங்கட கட்சி. புகையிலைக் கட்சிக்காரர் பின்னூட்டத்தில் வரலாம்.

இனி எங்கட யன்னலுக்கு வருவம். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. அந்தக் காலத்து ஊர்ப் பஸ்ஸின் யன்னல் பெரும்பாலும் திறந்த யன்னல். மழை வந்தால் படங்கை இறக்கிவிடுகிறது, இல்லாட்டி பலகையை இழுத்துவிடுகிறது. இறக்கினால் இருட்டு, ஏற்றினால் தூவானம். படுவான்கரைக்குப் போகிறவர்களுக்கு அதுக்குப் பிறகு வாவியையும் கடக்க வேண்டும். ‘பாதை’யில் ஏறி நிண்டால் நாலு பக்கமும் காற்று. ஒரு வருடத்தில் பெய்கிற 1,600, 1,700 மில்லிமீற்றர் மழையின் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தை எண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டுகிற ஊரில் ஆட்கள் இப்படி நனைந்து நனைந்துதான் போய்வந்தார்கள். அந்தப் பயணத்தில் கண்ணாடி மங்கிற பேச்சே இல்லை. உள்ளும் வெளியும் ஒரே காற்று.

1977இல் பொருளாதாரம் திறக்க, ஜப்பான் வேன்கள் வரத் தொடங்கின. கண்ணாடி வந்தது, ஏற்றி இறக்கிற பிடி வந்தது. உலகத்தின் மற்ற இடங்களில் நடந்த மாதிரி இஞ்சயும் ஆட்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வசதியாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போர் வந்தது.

எங்களில் பலருக்கு இது சின்ன வயதில் பார்த்த காட்சி, சிலருக்கு வீட்டில் கேட்ட கதை. சோதனைச் சாவடி நெருங்கினால், இரவு எண்டால், முன்விளக்கைத் தணிக்க வேண்டும், உள்விளக்கைப் போட வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும். மழை பெய்தாலும் இறக்க வேண்டும். மங்கின கண்ணாடியோடு சாவடிக்குக் கிட்டப் போவது எவ்வளவு ஆபத்து எண்டு எந்தச் சாரதிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே யார் எண்டு வெளியில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் போனால் அவன் என்ன செய்வான் எண்டு இவருக்குத் தெரியாது. அதனால் மாரியில்கூட கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்து, துவாயால் கையைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்கள். மேரி ஆண்டர்சன் பார்த்த ட்ராம் சாரதி கண்ணாடியைத் திறந்து வைத்தது தான் வெளியே பார்க்க. எங்கட சாரதி திறந்து வைத்தது தன்னை வெளியில் இருந்து பார்க்கட்டும் எண்டு.

மறுபக்கம், எந்த நேரமும் கண்ணாடி ஏற்றியே இருந்த வாகனங்களும் இந்த வீதிகளில் ஓடின. வெள்ளை வேன். கறுப்புக் கண்ணாடி. உள்ளே யார் இருக்காங்க, எங்கே கொண்டுபோறாங்க எண்டு தெரியாது. அதில் ஏற்றப்பட்டுத் திரும்பாத பிள்ளைகளின் படத்தோடு அம்மாமார் இண்டைக்கும் வீதியில் நிற்கிறார்கள். கார்க் கண்ணாடியின் வரலாறு எழுதுகிற புத்தகம் ஒன்றிலும் இந்தப் பக்கம் இருக்காது. அந்தக் காலத்து ஆட்கள் சிலர் ஏசி வேனில் ஏறினாலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடு மகன் எண்டு கேட்பதற்கு மூச்சுமுட்டுவது மட்டும் காரணம் இல்லை.

2009க்குப் பிறகுதான் எங்கட ஊரில் கண்ணாடி முழுசாக மூடியது எண்டு சொல்லலாம். சாவடிகள் குறைந்தன. வீதிகள் காப்பெற் ஆகின. 2013இல் புதிய கல்லடிப் பாலமும், அடுத்த வருடம் மண்முனைப் பாலமும் திறந்தன. இரண்டுக்கும் ஜப்பான் உதவி. ஜப்பான் பாலத்துக்கு மேலால் ஜப்பான் வேன், கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு. அதோடு, குளிர்நாட்டுக் கதையில் இல்லாத ஒரு புதுச் சங்கதியும் தொடங்கியது. கண்ணாடி உள்பக்கம் மங்காமல் வெளிப்பக்கம் மங்கியது.

மாரிக்காலத்து இரவு, வெளியில் 25 பாகை, காற்று ஈரத்தில் ஊறிப்போய்க் கிடக்கு. அதன் பனிபடுநிலை 24க்குக் கிட்ட. உள்ளே ஏசி முன்கண்ணாடியை 20, 21க்குக் குளிராக்கிவிட்டது. ஐஸ் தண்ணிக் குவளையின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரி வேனின் கண்ணாடி வெளியில் வியர்க்கும். சாரதி உள்ளே துவாயால் தேய்ப்பார், போகாது. பதறி அந்த மூன்று அம்புப் பொத்தானை அமத்துவார். ஹொக்கைடோவில் அது சூடான காற்றை அடித்திருக்கும். இஞ்ச வெப்பநிலை அடிமட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறதால், குளிர்காற்றை நேரே கண்ணாடியில் கொட்டும். கண்ணாடி இன்னும் குளிரும், வெளியில் இன்னும் படியும். எங்கட ஊரில் பொத்தான் தலைகீழாக வேலை செய்கிறது.

ரொறன்ரோவில் இருந்து மார்கழி விடுமுறைக்கு வருகிற மாமாமார் இதில் மாட்டுப்படுவதைப் பார்த்திருக்கிறம். அங்கே விடியப்புறம் எழும்பி, கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிச் சுரண்டிக் கை மரத்துப்போன ஆட்கள். கண்ணாடி மங்கினால் என்ன செய்வது எண்டு அவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா? வாடகை வேனில் முன்னுக்கு இருந்துகொண்டு அந்தப் பொத்தானை அமத்தச் சொல்லுவார்கள். “அண்ணை, இஞ்ச அது சரிவராது” எண்டு சாரதி மரியாதையாகச் சொல்லிவிட்டு, வைப்பரை ஒருதரம் போட்டு, ஏசியின் குளிரைக் குறைத்து, காற்றைக் காலடிக்குத் திருப்பிவிடுவார். அவ்வளவுதான் மருந்து. வெளிப்பக்க ஈரத்துக்கு வைப்பர், பிறகு கண்ணாடியைக் குளிராக்காமல் விடுவது.

உள்பக்க ஈரத்துக்கு மருந்து வேற. ஏசி இல்லாமல், கண்ணாடி ஏற்றி, மழைக்குள் நாலைந்து பேர் போனால் வருவது உள்ஈரம். அதுக்கு ஏசியைப் போடத்தான் வேண்டும், ஏனெண்டால் ஏசி குளிராக்குவதோடு காற்றைக் காயவும் வைக்கும். வண்டிக்கு அடியில் சொட்டுகிற தண்ணி அப்படிப் பிழிந்தெடுத்த ஈரம்தான். உள்காற்றையே சுற்றவிடுகிற பொத்தானை அணைத்துப்போட்டு வெளிக்காற்றை விட்டு, வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி, இப்போ மூன்று அம்பை அமத்தினால் அது ஒழுங்காக வேலை செய்யும். எந்தப் பக்கம் எண்டு தெரியாவிட்டால் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் போதும். கோடு விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே. நீள்சதுரப் பொத்தானுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அது பின்கண்ணாடியையே சூடாக்குவதால் ஈரம் எந்தப் பக்கம் படிந்தாலும் காய்ந்துவிடும். ஹொக்கைடோக்காரனுக்குச் செய்த சாமானில் எங்களுக்கு அப்படியே பொருந்துகிறது அது ஒன்றுதான், அதைத்தான் இஞ்ச ஒருத்தரும் அமத்துகிறதில்லை.

இலங்கையில் உறைபனி விழுகிற இடமும் உண்டு. தை, மாசியில் நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லும் காய்கறித் தோட்டமும் வெள்ளையாகக் கிடக்கும். கார்க் கண்ணாடியிலும் படியும். அந்த நுவரெலியாவுக்குள்ளால் போகிற அதே ஏ5 வீதிதான் பதுளை, பிபிலை, மகாஓயா தாண்டி வந்து எங்கட செங்கலடியில் முடிகிறது. போர்க்காலத்தில் இந்தப் பக்கத்து அந்தம் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. இப்போது மரக்கறி லொறிகள் அதில் இறங்கி வருகின்றன. மேலே இருக்கும்வரை லொறிக்காரனுக்கு உள்ஈரம், கண்ணாடியைச் சூடாக்க வேண்டும். 1,800 மீற்றருக்கு மேலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கி வர வர, வெளியில் சூடும் ஈரமும் கூடும், ஏசி போட்டிருந்தால் வெளிஈரம் தொடங்கும். ஒரே இரவு, ஒரே கண்ணாடி, வீதியின் இரண்டு அந்தத்துக்கும் இரண்டு மருந்து. நடுவில் யானை வேற நிற்கும். விடியப்புறம் மூன்று மணிக்கு மங்கின கண்ணாடிக்கு அப்பால் நிற்கிற யானையும், விளக்கில்லாத சைக்கிளில் வயலுக்குப் போகிற ஐயாவும், வீதியில் படுத்திருக்கிற மாடும் சாரதிக்கு ஒரே சாம்பல் நிறம். எந்தப் பக்கத்து ஈரம் எண்டு தெரிந்து வைத்திருப்பது அந்த ஐயாவின் உயிர்ப் பிரச்சினை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் கைக்கு எட்டாத வரியோட. இடையில் வந்த நெருக்கடியில் டீசலுக்கே வரிசை, ஏசிக்கு வாயு அடிக்க யாரிடம் காசு? இருக்கிற வேன்கள் கிழடாகிக்கொண்டு போகின்றன. கதவு ரப்பர் வெடித்து மழைத்தண்ணி உள்ளே இறங்கும், கால்மிதி காயாது, மூடி வைத்தால் அந்த ஈரம் முழுக்க விடிய கண்ணாடியில் நிற்கும். ஏசி வேலைசெய்யாத வேனில் மூன்று அம்புப் பொத்தான் வெறும் படம். மாரி தொடங்க முதல் ரப்பரைப் பார்ப்பதும், கால்மிதியைக் கழற்றி வெயிலில் போடுவதும், கண்ணாடியின் உள்பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதும் காசில்லாத வேலைகள். அதுக்குப் பிறகு ஒரு துணியில் கொஞ்சம் சவர்க்காரத்தைத் தேய்த்து, கண்ணாடியில் பூசி, காய்ந்த துணியால் மினுக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் தாங்கும். இப்போது களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓடுகிற பழைய வேன்களின் முன்தட்டில் அந்தத் துணி திரும்பவும் கிடக்கத் தொடங்கியிருக்கு.